நாலு எண்ணும் வரை

அகராதி என்பது அவருடைய பெயரல்ல, அலுவலகத்தில் வைத்த பெயர். அவருடைய சட்டைப் பையில் உள்ளங்கை அகலத்தில் ஓர் ஆங்கில அகராதி எப்போதும் இருக்கும். மேல் அட்டை போய், நாட்காட்டித் தாளில் உறை போட்டது. இந்தப் பட்டப்பெயர் வீட்டுக்குத் தெரிந்த அன்று மனைவி வாய்விட்டுச் சிரித்தாள்.

"இத்தனை வருஷமா உங்களை அகராதி புடிச்ச மனுஷன்னு நான் சொன்னது ஆபீஸ் வரைக்கும் கேட்டிருக்கு பாருங்க."

அவர் பார்த்தது கேட்கிற வேலை. ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், வாட்டர் ஹீட்டர் செய்கிற ஒரு கம்பெனிக்காகத் தொலைபேசியில் புகார் வாங்கும் இடம் அது. மூன்றாம் மாடியில் நாற்பது பேர் பேசினார்கள். தரைத்தளத்தில், ஸ்டோர் ரூமுக்குப் பின்னால் ஜன்னல் இல்லாத அறையில், நாலு பேர் கேட்டார்கள். மேலே பேசியதெல்லாம் பதிவாகிக் கீழே வரும். நூற்றில் ஐந்தைப் பொறுக்கிக் கேட்டு, பேசியவருடைய பேச்சு எப்படிப்பட்டது என்று படிவத்தில் ஒரே ஒரு வார்த்தைக்கு எதிரே டிக் அடிக்க வேண்டும். முகம் தெரிந்தால் டிக் சாய்ந்துவிடும் என்று, பேசுகிறவர்களும் கேட்கிறவர்களும் சந்திக்கக் கூடாதென்பது விதி. வாசல் வேறு, சாப்பாட்டு நேரம் வேறு. மேலே இருந்தவர்களுக்குக் கீழே பெயர் கிடையாது, எண்தான்.

படிவத்தில் இருந்தவை அறுபத்து நாலு ஆங்கில வார்த்தைகள். தலைமை அலுவலகத்தில் யாரோ ஒரு படித்த மனிதர் தேடித்தேடிச் சேர்த்தவை. முதல் நாள் அந்தத் தாளைப் பார்த்தபோது அகராதிக்கு வியர்த்துவிட்டது. ஒன்றிரண்டைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொன்றாகப் பொருள் பார்க்கப் பார்க்க, பயம் போய் ஆசை வந்துவிட்டது. ஒவ்வொரு வார்த்தைக்குப் பக்கத்திலும் பென்சிலால் நம் பேச்சை எழுதிக்கொண்டார். கார்ருலஸ் என்றால் வாய் ஓயாதவர். கர்ட் என்றால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. இவேசிவ், பிடிகொடுக்காமல் பேசுவது. அன்க்சுவஸ், எண்ணெய் வழியப் பேசுவது. மெல்லிஃப்ளூயஸ், தேன் ஒழுகுவது. சர்கம்லொக்யூட்டரி என்று ஒன்று வந்து அவரை இரண்டு நாள் படுத்திவிட்டது. கடைசியில் மனைவிதான் சப்பாத்திக்கு மாவு பிசைந்துகொண்டே தீர்த்துவைத்தாள்.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடறது. அதானே? இதுக்கு இவ்ளோ நீளமா ஒரு வார்த்தையா? அந்த வார்த்தையே தலையைச் சுத்தித்தான் வருது."

அவள் மருந்துக்கடை ஒன்றில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க அங்கே மருந்துச் சீட்டுகளோடு மல்லுக்கட்டியவளுக்குச் சாயங்காலம் இந்த வார்த்தைகள் விளையாட்டாகிவிட்டன. அவள் தம்பி, டெலிவரி வேன் ஓட்டுகிறவன், வீட்டுக்கு வந்து "மச்சான்!" என்று வாசலில் குரல் கொடுத்தால் சுவரில் மாட்டிய படம் ஆடும். அவனுக்கு ஸ்டென்டோரியன், ஊரைக் கூட்டும் குரல், என்று பெயர் வைத்தாயிற்று. அவனுக்கோ ஒரே பெருமை. ஏதோ பதவி என்று நினைத்துக்கொண்டான்.

கேட்கிற அறையில் ஹெட்போன் ஒற்றைக் காதுக்கானது. கம்பி மேஜையின் வலப்பக்கத்திலிருந்து வந்ததால் நாலு பேரும் வலது காதில் மாட்டிக்கொள்வார்கள். பக்கத்து இருக்கைக்காரர் மற்ற காதில் பஞ்சு அடைத்துக்கொள்வார். அதனால் அவர் பெயர் பஞ்சு. அகராதி ஒவ்வொரு நாளும் ஹெட்போனை மாட்டுவதற்கு முன் கண்ணை மூடி, "கடவுளே, இன்னிக்கு நான் கேக்கறதை ஒழுங்காக் கேக்கணும்" என்று மனத்துக்குள் சொல்லிக்கொள்வார். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம்.

இரண்டு மாதமாக அந்த வேண்டுதலில் கொஞ்சம் நடுக்கம் சேர்ந்திருந்தது. வலது காது மந்தமாகிக்கொண்டு வந்தது. யாரிடமும் அவர் சொல்லவில்லை. கேட்கிற வேலைக்காரனுக்குக் காது போனால் சீட்டு கிழிந்த மாதிரிதான். வீட்டில் மனைவி சாப்பாட்டு மேஜையில் அவருக்கு வலப்பக்கம் உட்காருவாள். பாதி காதில் விழும், மீதியை அவள் முகத்தைப் பார்த்து ஊகித்துத் தலையாட்டுவார். ஒருநாள் தவறான இடத்தில் தலையாட்டியதில், மச்சினனுடைய வேனைக் கழுவித் தருவதாக ஒப்புக்கொண்டதாகிவிட்டது.

இந்தச் சமயத்தில்தான் முப்பத்தொன்று அவர் காதுக்கு வந்தாள்.

முப்பத்தொன்று ஒரு பெண் குரல். புதிதாகச் சேர்ந்தவள். வணக்கம் சொல்வதில், பெயரும் விலாசமும் கேட்பதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் வாடிக்கையாளர் தன் புகாரைச் சொல்லி முடித்ததும் ஓர் இடைவெளி விழும். சும்மா இல்லை, குறைந்தது நாலு விநாடி, சில சமயம் இன்னும் நீளும். தொலைபேசியில் நாலு விநாடி என்பது நீளமான காலம், ஒரு மாடிப்படி ஏறிவிடலாம். அதற்குப் பிறகுதான் அவள் பதில் வரும்.

அகராதிக்கு முதலில் சந்தேகம் தன் காது மேல்தான். அந்த நேரத்தில் ஏதாவது பேச்சு நடந்து தனக்கு விழாமல் போகிறதோ? ஒலியைக் கூட்டிப் பார்த்தார். இரைச்சல்தான் கூடியது. பஞ்சுவிடம் கொடுத்து, "இந்த இடத்துல ஏதாச்சும் கேக்குதா பாருங்க" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். அதைக் கேட்க வாய் வரவில்லை. 'ஹெசிட்டன்ட்' என்ற வார்த்தைக்கு எதிரே டிக் அடித்தார். பென்சிலில் அதற்குப் பக்கத்தில் 'தயங்கித் தயங்கி' என்று எழுதியிருந்தது. அடுத்த முறை 'ஹால்ட்டிங்'. நின்று நின்று பேசுவது. இப்படியே ஆறு வாரத்தில் அவளுடைய ஒன்பது பதிவுகள் அவர் கைக்கு வந்து, ஒன்பதுக்கும் இந்த இரண்டில் ஒன்று விழுந்தது.

ஆனாலும் அந்த இடைவெளி அவரை விடவில்லை. கைக்கடிகாரத்தை மேஜையில் வைத்து எண்ணிப் பார்த்தார். சில தடவை நீண்டாலும், ஒரு தடவைகூட நாலுக்குக் குறையவில்லை. தயங்குகிறவர்கள் ஒருநாள் கூடுதலாகத் தயங்குவார்கள், ஒருநாள் குறைவாக. இப்படி அளந்து வைத்த மாதிரி யாராவது தயங்குவார்களா?

வீட்டில் சொன்னார். மனைவி உற்சாகமாகிவிட்டாள்.

"டீ குடிக்கிறாளோ என்னவோ. ஒரு கேள்விக்கு ஒரு வாய்."

"டீன்னா சத்தம் கேக்கும்மா."

"அப்ப புத்தகத்தைப் பார்த்துப் பதில் சொல்றா. பக்கம் புரட்டுற நேரம்."

"அதுக்கு நாலு விநாடி பத்தாது. அந்தப் புத்தகம் தலையணை மாதிரி இருக்கும்."

"அதுவும் இல்லையா? அப்ப நல்ல பொண்ணுங்க. எங்க கடைக்கு வந்தா என் வாயைப் பார்த்துட்டுப் பேசறதையே விட்டிருப்பா." தட்டில் கொஞ்சம் குழம்பு ஊற்றிக்கொண்டு யோசித்தாள். "ஒண்ணு சொல்லட்டா? நிறுத்துறவளை விடுங்க. அவ நிறுத்துனதும் எதிர்ல இருக்கிறவங்க என்ன பண்றாங்க?"

அந்தக் கேள்வி பாதிதான் அவர் காதில் விழுந்திருந்தது. வழக்கம்போல் தலையாட்டினார்.

திங்கள்கிழமை காலை மேற்பார்வையாளர் அம்மாள் கீழே வந்தாள். அவள் பேசினால் நடுவில் நிறுத்தம் கிடையாது. கீழ் அறை அவளுக்கு ரயில் என்று பெயர் வைத்திருந்தது. கையில் ஒரு தாளோடு வந்து, நின்றபடியே படித்தாள்.

"இந்த வாரத்தோட மூணு பேர் நிக்கறாங்க, பன்னெண்டு, பத்தொம்பது, முப்பத்தொண்ணு, வெள்ளிக்கிழமை அவங்களுக்குக் கடைசி நாள், அவங்க டேப் இனிமே வராது, மிச்சம் இருக்கிற படிவமெல்லாம் புதன்கிழமைக்குள்ள என் மேஜைக்கு வந்துடணும்."

"முப்பத்தொண்ணு ஏன் மேடம்?" என்றார் அகராதி.

"ஏன்னா கேக்கறீங்க? உங்க டிக்தானே. ஹெசிட்டன்ட், ஹால்ட்டிங், ஹெசிட்டன்ட். எல்லாம் மைனஸ் வார்த்தை."

"மைனஸா? வார்த்தைக்கு மார்க் உண்டா மேடம்? நாங்க… நான் எப்படிப் பேசறாங்கன்னுதான் எழுதினேன். மார்க் போடலையே."

"மார்க் மேல போடுவாங்க. உங்களுக்குத் தெரிஞ்சா நீங்க நியாயமா டிக் அடிக்க மாட்டீங்கன்னுதான் அதைச் சொல்லலை. அவளுக்குப் பதினொரு படிவம், ஒன்பது உங்களுது." ரயில் அடுத்த நிலையத்துக்குப் போய்விட்டது.

அழகான வார்த்தைகள் என்று பென்சிலால் ஒவ்வொன்றுக்கும் பொட்டு வைத்ததெல்லாம் யாரோ ஒருத்தியின் வேலையைப் பிடுங்கும் என்று அவர் நினைத்தே பார்க்கவில்லை. அவளுக்குப் பிள்ளைகள் உண்டோ, வாடகை வீடோ, எதுவும் தெரியாது. ஆனால் அந்த ஒன்பது டிக்கில் ஒன்றையாவது நிச்சயமாகத் தெரிந்து அடித்தேனா என்று கேட்டுக்கொண்டார். காதைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் அவசரமாக டிக் அடித்தோம் என்பது மட்டும் பதிலாக வந்தது.

சாப்பாட்டு நேரத்தில் மற்ற மூன்று பேரும் எழுந்து போனார்கள். அவர் போகவில்லை. பழைய பதிவுகளை மூன்று மாதம் அழிக்காமல் வைத்திருப்பார்கள். முப்பத்தொன்றின் முதல் பதிவை எடுத்துப் போட்டார். ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். பிறகு, இரண்டு மாதமாகச் செய்யாமல் தள்ளிக்கொண்டே வந்த காரியத்தைச் செய்தார். கம்பி கழுத்தைச் சுற்றி இறுக்க, ஹெட்போனை இடது காதில் மாட்டினார்.

பேசியவர் ஓர் ஆண். வாஷிங் மெஷின் பாதியில் நின்றுவிடுகிறது, ஆள் அனுப்புங்கள் என்று சுருக்கமாகச் சொல்லி முடித்தார். இடைவெளி வந்தது. ஒன்று, இரண்டு. மூன்றாவது விநாடியில், காலியென்று அவர் நினைத்திருந்த அந்த இடத்தில், அதே ஆளின் குரல் மிகத் தணிவாகக் கேட்டது.

"…பக்கத்து வீட்டம்மா படுத்த படுக்கையா இருக்காங்க. அவங்க போர்வையெல்லாம் நான்தான் துவைச்சுக் கொடுக்கறேன். கனமான போர்வை. அதைச் சொன்னா ரிப்பேர் பண்ண மாட்டீங்களோன்னு சொல்லலை."

அதற்குப் பிறகுதான் முப்பத்தொன்று பேசினாள், அன்று அவளே ஊகித்துச் சொன்னதாக அவர் நினைத்த பதிலை. "மெஷின்ல கோளாறு இல்லீங்க. ஈரமானா போர்வை ரெண்டு மடங்கு கனம். ஒண்ணு ஒண்ணா போடுங்க, நிக்காது. நின்னுச்சுன்னா எனக்கே போன் பண்ணுங்க."

அகராதி அடுத்ததைப் போட்டார். ஃபிரிட்ஜ் குளிரவில்லை என்று சொன்ன ஒரு பெண், இடைவெளியில், மகள் தினமும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் படிக்கிறாள், வீட்டில் அந்த அறை ஒன்றுதான், புழுக்கம் தாங்கவில்லை என்றாள். இன்னொருவர், வாட்டர் ஹீட்டரைத் தானே திருகிப் பார்த்ததை ஒப்புக்கொண்டார். எல்லாமே தணிந்த குரல். கூச்சத்தில் சொல்கிறவர்கள் உரக்கச் சொல்வார்களா? அவருடைய வலது காதுக்கு எட்டாத குரல்கள்.

எட்டாவது பதிவில் ஒருவர் கைக்கடிகாரம் பழுது பார்க்கிறவர் என்று தன்னைச் சொல்லிக்கொண்டார். அவருக்குத் திக்குவாய். "வா… வாட்…" என்று ஆரம்பித்து, மூச்சு வாங்கி, மறுபடி ஆரம்பித்தார். முப்பத்தொன்று எடுத்துக் கொடுக்கவில்லை, "ஹலோ ஹலோ" என்று பதறவில்லை, அவர் வாக்கியத்தைத் தான் முடித்துவைக்கவும் இல்லை. ஆறு நிமிஷத்தில் அவர் தன் புகாரைத் தானே சொல்லி முடித்தார். எல்லாம் ஆனபிறகு கேட்டார்.

"இதுக்கு மு… முன்னாடி ரெண்டு பேர், லைன் சரியில்லைன்னு வச்சிட்டாங்கம்மா. நீங்க மட்டும் எ… எப்படிப் பொறுமையா…?"

நாலு விநாடி. பிறகு அவளும் குரலைத் தணித்தே சொன்னாள்.

"எங்கப்பாவுக்கும் திக்கும் சார். அவர் முடிச்சிட்டாருன்னு நினைச்சு நாங்க ஆரம்பிச்சிட்டா, அப்புறம் அன்னைக்கு முழுக்கப் பேச மாட்டாரு. அதனால எங்க வீட்டுல ஒரு பழக்கம். யார் பேசி முடிச்சாலும் மனசுக்குள்ள நாலு எண்ணிட்டுத்தான் அடுத்தவங்க பேசணும். சண்டை போட்டாக்கூட அப்படித்தான்." சிரித்தாள். "எங்க வீட்டுச் சண்டை முடியறதுக்குள்ள சாப்பாடு ஆறிடும்."

கடிகாரக்காரரும் சிரித்தார். சிரிப்பு திக்கவில்லை.

அகராதி ஹெட்போனைக் கழற்றி வைத்தார். கழுத்தில் கம்பி அழுந்திய கோடு எரிந்தது. அவர் கண்கள் நிறைந்திருந்தன.

சாப்பிட்டுவிட்டுத் திரும்பிய பஞ்சு விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இதுக்கு ஏன்யா இவ்ளோ யோசனை?" என்றார். "லிஸ்ட்ல 'மெஷர்ட்'னு ஒண்ணு இருக்கு. அளந்து பேசறது. அது கண்டிப்பா ப்ளஸ்ஸாத்தான் இருக்கும். மிச்சம் இருக்கிற ரெண்டு மூணு டேப்புல அதுக்கு டிக்கைப் போட்டுட்டுப் போங்க. யாருக்குத் தெரியப் போகுது?"

"அவ அளந்து பேசலையே, பஞ்சு. பேசறதுல அவளும் நம்மள மாதிரிதான். பேசாம இருக்கறாளே, அதுதான்…"

"அதுக்கு லிஸ்ட்ல வார்த்தை ஏது?"

படிவத்தின் அடியில் 'பிற' என்று ஒரு கோடு இருந்தது. பட்டியலில் இல்லாத வார்த்தையை, ஆங்கிலத்தில், காரணத்தோடு எழுதலாம். இதுவரை யாரும் எழுதியதில்லை. சாயங்காலம் வீட்டில் மேஜையில் அகராதியும் அவருடைய அகராதியும் உட்கார்ந்தார்கள். அறுபத்து நாலு பெரிய வார்த்தைகளுக்குப் பக்கத்தில் வைக்கத் தோதாக ஒரு பெரிய வார்த்தை வேண்டும் என்பது அவர் எண்ணம். நீளமாக, தலைமை அலுவலகத்தார் நிமிர்ந்து உட்காரும்படி.

மனைவி முழுக் கதையையும் கேட்டாள். "அதென்ன, முதல் தடவை கேட்டப்ப இதெல்லாம் எப்படி விட்டுப் போச்சு?"

"சரியாக் கவனிக்கலை" என்றார், அகராதியின் பக்கத்தைப் புரட்டிக்கொண்டே. அந்தச் சின்னப் பொய் வாயில் கல் மாதிரி கடிபட்டது.

"சரி, பெரிய வார்த்தையை விடுங்க. மூணாங்கிளாஸ்ல படிச்சது ஒண்ணு இருக்கே. பேஷன்ட்."

"பேஷன்ட்டா? உங்க கடைக்கு வர்றவங்க."

"ஐயே! அதுவும்தான். பொறுமைசாலிக்கும் அதானே சொல்வாங்க? கியூவுல அரைமணி நேரம் நிக்கறாங்கல்ல, அதனாலதான் ரெண்டுக்கும் ஒரே பேர் வச்சிருப்பாங்க."

அவர் படிவத்தை எடுத்துப் பார்த்தார். முதலிலிருந்து கடைசி வரை விரல் வைத்துப் போனார். தேன் ஒழுகுவதற்கு இடம் இருந்தது, எண்ணெய் வழிவதற்கு இருந்தது, ஊரைக் கூட்டுவதற்கு இருந்தது. இந்த ஒன்றுக்கு இல்லை.

மறுநாள் காலை அந்த ஒன்பது படிவங்களின் அலுவலக நகல்களையும் எடுத்துக்கொண்டு ரயிலின் அறைக்குப் போனார். ஒவ்வொன்றிலும் பழைய டிக்கை ஒரே கோட்டால் அடித்து, பக்கத்தில் கையெழுத்திட்டு, 'பிற' என்ற இடத்தில் அந்தச் சின்ன வார்த்தையை எழுதியிருந்தார்.

"தப்பு என்னுது மேடம். அந்தப் பொண்ணுது இல்லை."

அவள் புரட்டிப் பார்த்தாள். "ஒன்பதையும் அடிச்சிருக்கீங்க. விளையாட்டா? மேல என்ன கேப்பாங்க தெரியுமா, ஆறு வாரமா கேக்காத ஒண்ணு திடீர்னு எப்படிக் கேட்டுச்சுன்னு கேப்பாங்க. நானே கேக்கறேன். எப்படிக் கேட்டுச்சு?"

'கவனக் குறைவு' என்று சொல்லிவிடலாம். வீட்டில் சொன்னதுதான், இரண்டாம் தடவை சுலபமாக வரும். ஆனால் அகராதிக்கு ஒன்று தோன்றியது. தினமும் காலையில் கண்ணை மூடி, ஒழுங்காகக் கேட்க வேண்டுமென்று வேண்டிக்கொள்கிறோம். கேட்க வைத்த பிறகு, கேட்டதை ஒழுங்காகச் சொல்ல வேண்டாமா?

"இடது காதுல கேட்டேன் மேடம். வலது காது ரெண்டு மாசமா மந்தம். வேலை போயிடும்னு யார்கிட்டயும் சொல்லலை. அந்த டேப்புல அவ நிறுத்தற இடத்துல எல்லாரும் மெல்லமாப் பேசறாங்க. எனக்கு விழலை. விழாததை அவ தயக்கம்னு எழுதிட்டேன்."

ரயில் முதல் தடவையாக அவர் பார்க்க நின்றது.

"போடுங்க, பாக்கலாம்" என்றாள். அகராதி மேஜைக் கம்ப்யூட்டரில் அந்தப் போர்வைக்காரரின் பதிவைப் போட்டார். நின்றபடியே கேட்டாள். இடைவெளி வந்ததும், "டேப் நின்னுடுச்சா?" என்று கை நீட்டினாள். அகராதி ஒரு விரலைத் தூக்கினார். தணிந்த குரல் வந்தது. அவள் நாற்காலியை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கடிகாரக்காரரின் ஆறு நிமிஷத்தையும் முழுதாகக் கேட்டாள். அதற்குள் தொலைபேசி இரண்டு தடவை அடித்தது. எடுக்கவில்லை.

பிறகு தானாகவே ஏதோ பட்டியலைத் திறந்து பார்த்தாள். "இந்த ஒன்பது பேர்ல ஒருத்தர்கூட மறுபடி போன் பண்ணலை" என்று முணுமுணுத்தாள். "மத்தவங்க கிட்ட பேசினவங்கள்ல நாலுல ஒருத்தர் திரும்பக் கூப்பிடறாங்க. இதை அனுப்பறேன். மேல இருக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு புரியும்." படிவங்களை உறையில் போட்டவள் நிமிர்ந்தாள். "உங்களைப் பத்தியும் எழுதித்தான் ஆகணும். மறைக்க முடியாது."

"எழுதுங்க மேடம்."

வியாழக்கிழமை பதில் வந்தது. முப்பத்தொன்று இருக்கலாம், இன்னும் மூன்று மாதம் பார்த்துவிட்டு முடிவு செய்யப்படும். பட்டியலில் புது வார்த்தை சேர்ப்பது பரிசீலனையில் இருக்கிறது. கேட்கும் பணியாளர் காது மருத்துவரிடம் சான்று வாங்கி வர வேண்டும். ரயில் இதை ஒரே மூச்சில் படித்துவிட்டு, போகிற போக்கில், "ஹெட்போன் ஒரு காதுக்குத்தானே? உங்களுக்கு நல்ல காது ஒண்ணு இருக்குல்ல? ஸ்டோர்க்காரர்கிட்ட சொல்லியிருக்கேன், கம்பியை இந்தப் பக்கம் மாத்தித் தருவார்" என்றாள். அவர் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் போயே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை மதியம் மருத்துவரைப் பார்த்துவிட்டு, கையில் தாளோடு அகராதி திரும்பி வந்தார். நல்ல மழை. கீழ் அறைக்கான பின்வாசலில் தண்ணீர் தேங்கியிருந்ததால், அவருக்கு உரிமையில்லாத முன்வாசல் வழியாக வந்தார். லிஃப்ட்டுக்கு முன்னால் ஒரு பெண் குடையை மடக்கிக்கொண்டிருந்தாள்.

"லிஃப்ட் வேலை செய்யுதாங்க?"

அந்தக் குரல். முப்பத்தொன்றேதான். முப்பது வயதிருக்கும். குடைத் துணியை ஒவ்வொரு மடிப்பாக நீவி விட்டுக்கொண்டிருந்தாள். நான்தான் என்று சொல்லக் கூடாது, விதி. மன்னித்துக்கொள்ளம்மா என்று சொல்லவும் கூடாது.

"இல்லீங்க. இன்னிக்குப் படிதான்" என்றார்.

அவள் உடனே நகரவில்லை. அவர் முகத்தைப் பார்த்தபடி நின்றாள். ஒன்று. இரண்டு. மூன்று…

"காது டாக்டரைப் பார்த்துட்டு வரேன்" என்று யாரோ சொன்னார்கள். சொன்னது தான்தான் என்று அகராதிக்கு ஒரு கணம் கழித்தே தெரிந்தது. "வலது காது. கருவி வைக்கணுமாம். ஆபீஸ்ல சொல்லிட்டேன். வீட்டுல இன்னும் சொல்லலை."

மழை வாசல் கூரை விளிம்பிலிருந்து சொட்டியது. அவள் அப்போதும் அவசரப்படவில்லை.

"வீட்டுக்காரம்மா எந்தப் பக்கம் உக்காருவாங்க சார்?"

"வலது பக்கம்."

"அப்ப அவங்க எவ்வளவோ பேசியிருப்பாங்களே, பாவம்" என்றாள். குடையைக் கையில் மாட்டிக்கொண்டு படியேறிப் போனாள். இரண்டாம் மாடித் திருப்பம் வரை அவளுடைய செருப்புச் சத்தத்தை அவர் இடது காதால் கேட்டுக்கொண்டு நின்றார்.

அன்று சாயங்காலம் மனைவி தட்டுகளை வைத்து, வழக்கம்போல் வலப்பக்கம் உட்கார்ந்து, கடையில் நடந்த ஒரு கூத்தைச் சொல்ல ஆரம்பித்தாள். அவர் தலையாட்டவில்லை. மருத்துவர் கொடுத்த தாளை எடுத்து மேஜை மேல் விரித்தார்.

"உனக்கு ஒண்ணு சொல்லணும். அன்னைக்குச் சரியாக் கவனிக்கலைன்னு சொன்னேனே, அது பொய்."

எல்லாவற்றையும் சொன்னார். காது, டிக், ரயில், தலையாட்டியது, வேன் கழுவியது வரை. சொல்லி முடித்துவிட்டு அவள் பொரிந்து தள்ளுவதற்காகக் காத்திருந்தார். அவள் வாயே திறக்கவில்லை. மணமான நாளிலிருந்து இப்படி ஓர் அமைதியை அவர் அந்த வீட்டில் கேட்டதில்லை. தன்னையறியாமல் மனத்துக்குள் எண்ணினார். ஒன்று. இரண்டு. மூன்று.

"பயமா இருந்துச்சு" என்றார்.

அவள் எழுந்தாள். தன் தட்டைத் தூக்கிக்கொண்டாள். மற்றக் கையால் நாற்காலியை, கால் தரையில் கிறீச்சிட, மேஜையைச் சுற்றி இழுத்துக்கொண்டு வந்து அவருக்கு இடப்பக்கம் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப முதல்லேர்ந்து சொல்றேன், கேளுங்க" என்றாள். "ரெண்டு மாசத்துக் கதை பாக்கி இருக்கு."